வேலூர்ப் பிள்ளைகளும் தடகளமும்: கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தடகளப் போட்டி நடக்கிற நாட்களில் எனக்கு வேலை முடிவுக்கோட்டில். கையில் ஸ்டாப்வாட்ச், தலையில் தொப்பி, நிற்பது மரப்படியில். வேலூருக்கு வெயிலூர் என்று ஏன் பேர் வந்தது என்பது அந்தப் படியில் பகல் பதினொரு மணிக்கு நின்றால் புரியும். ஒரு ஹீட்ஸுக்கும் (அதாவது தகுதிச் சுற்று ஓட்டத்துக்கும்) அடுத்த ஹீட்ஸுக்கும் நடுவே பெற்றோர்கள் கயிற்றோரம் வந்து கேட்பவைதான் இந்தக் கேள்விகள். அங்கே பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. அதற்குள் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கக் கிளாப்பர் கட்டையை அடித்துவிடுவார்கள். முழுசாக இங்கே.

சம்மேளனம், சம்மேளனம் என்கிறீர்களே, அது கவர்மெண்டா?

இல்லை. இந்திய தடகள சம்மேளனம் 1946-ல் தொடங்கிய ஒரு சங்கம். மைதானத்தில் ஏ.எஃப்.ஐ. என்றால்தான் ஆளுக்குப் புரியும். ஆபீஸ் டெல்லியில். மத்திய விளையாட்டு அமைச்சகம் அதை அங்கீகரிக்கிறது, பணமும் தருகிறது. ஆனால் போட்டி நடத்துவதும் அணி எடுப்பதும் சங்கத்தின் வேலை. அதற்கும் மேலே மொனாக்கோவில் உலக தடகள அமைப்பு. 1912-ல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு சம்மேளனத்தைத்தான் சேர்த்துக்கொள்ளும். கீழே மாநிலச் சங்கங்கள், அவற்றுக்குக் கீழே மாவட்டச் சங்கங்கள்.

மாவட்டச் சங்கம் என்றதும் கண்ணாடிக் கதவு வைத்த ஆபீஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். ரிட்டையரான பி.இ.டி. மாஸ்டர்கள், பழைய வீரர்கள் என நாலைந்து பேர், ஒரு பீரோ, பீரோவுக்குள் ஒரு மூட்டை செஸ்ட் நம்பர். அவ்வளவுதான்.

டெல்லியில் சம்மேளனத்தின் தலைவராக 2012 முதல் 2025 ஜனவரி வரை இருந்த அடில் சுமரிவாலா, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடியவர். அவருக்கு அடுத்து வந்த பகதூர் சிங் சாகூ, 2002 பூசான் ஆசியப் போட்டியில் குண்டு எறிதலில் தங்கம் வாங்கியவர். மைதானத்தில் நின்றவர்கள் நாற்காலிக்கு வருவது நல்லதுதான். எல்லா விளையாட்டிலும் அப்படி நடப்பதில்லை.

சரி, அவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்? ஓடுவது எங்கள் பிள்ளைதானே?

நான் பதில் சொல்ல ஆசைப்படும் கேள்வி இதுதான்.

1984-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடினார். வெண்கலம் நூறில் ஒரு விநாடியில் போயிற்று. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் ஆசியப் போட்டி. நம் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் ஹீட்ஸில் ஓடி முடித்ததும் பலகையில் அதே 55.42 வந்தது. நடுவே 39 வருடம். இரண்டும் சமம் என்று நாம் எப்படிச் சொல்கிறோம்? இரண்டு இடத்திலும் பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம். முதல் தடை 45-வது மீட்டரில், அப்புறம் 35 மீட்டருக்கு ஒன்று. வளைவை அளப்பதும் நேரம் எடுப்பதும் ஒரே விதிப்படி. எங்கே ஓடினாலும் அது ஒரே ஓட்டமாக எண்ணப்பட வேண்டும். சம்மேளனத்தின் முதல் வேலை இதுதான். போட்டி அட்டவணை, அணித் தேர்வு, கோச்சுகளுக்கும் நடுவர்களுக்கும் பயிற்சி, தேசிய முகாம் எல்லாம் அப்புறம்.

அந்த அளவு கீழே வரைக்கும் வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. ஒரு பள்ளியில் ஒரு பையன், நன்றாகக் குண்டு எறிவான். 18 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு ஐந்து கிலோ குண்டு. மாவட்டப் போட்டிக்கு வந்தால் தினமும் பள்ளியில் எறிகிற தூரத்தில் இரண்டு மீட்டர் குறைகிறது. அழாத குறை. மறுநாள் பள்ளியில் இருந்த குண்டை எடுத்துப்போய் எதிரே மளிகைக்கடைத் தராசில் வைத்தோம். நாலு கிலோ நூறு கிராம். வருடம் பூராவும் அதைத்தான் ஐந்து கிலோ என்று நினைத்து எறிந்திருக்கிறான். பெயிண்டில் பெரிதாக ‘5’ என்று வேறு எழுதியிருந்தது.

பள்ளியில் 100 மீட்டரை 12.1-ல் ஓடினான், மாநிலப் போட்டியில் 12.4 வந்துவிட்டது. ஏன்?

பையன் மெதுவாக ஓடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளியில் எடுத்தது கை நேரம், மாநிலப் போட்டியில் மின்னணு நேரம். துப்பாக்கிச் சத்தமோ கிளாப்பர் சத்தமோ கேட்டு, புகையைப் பார்த்து, நம் கட்டைவிரல் பொத்தானை அமுக்குவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும். அதனால் கை நேரம் எப்போதும் பிள்ளைக்குச் சாதகம். மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டுவது வழக்கம், 400-க்கு 0.14. அதோடு, கை வாட்ச்சில் 12.03 என்று காட்டினாலும் எழுதுவது 12.1, மேல்பக்கமாகத்தான் முழுமையாக்குவோம். ஆக அந்த 12.1 உண்மையில் 12.34-க்குச் சமம். ‘தேய்ந்துவிட்டான்’ என்று பையனைத் திட்டிக்கொண்டு காட்பாடி வரைக்கும் ரயிலில் வந்த அப்பா ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. முடிவுக்கோட்டில் கணக்கு உடலுக்கு, அதாவது கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே. தலை, கை, கால் எதுவும் செல்லாது. கையை நீட்டிக்கொண்டு பாய்கிற பிள்ளைகள் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வதுதான் மிச்சம்.

எங்கள் ஊர் ஆம்பூர். வேலூர் மாவட்டத்துக்காக ஓடலாமா?

முடியாது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டை. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் வேலூரிலேயே நின்றுவிட்டன. எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் ஒரே வடஆற்காடு. 1989 வரை திருவண்ணாமலையும் அதில்தான். அந்தக் காலத்தில் மாவட்டப் போட்டியில் மூன்றாவது வந்தவன் செய்யாற்றுக்காரனாகவோ திருப்பத்தூர்க்காரனாகவோ இருப்பான். நாலாவது வந்த குடியாத்தத்துக்காரன் மூட்டையைக் கட்டுவான்.

பிரிந்ததில் தடகளத்துக்கு ஒரு லாபம் உண்டு. மாவட்டத்தை அலகாக வைத்து நடக்கிற போட்டிகளுக்கு இப்போது ஒன்றுக்குப் பதிலாக மூன்று அணி போகிறது. கலெக்டர் ஆபீஸ் எங்கே வந்தது என்பதைவிட எனக்கு இதில்தான் சந்தோஷம்.

பள்ளிக்கூடப் போட்டியும் இதுவும் ஒன்றா?

இல்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பள்ளிக்கல்வித் துறை நடத்துவது ஒரு பாதை: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேலே இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. குடியரசு தின விளையாட்டு என்று சுற்றறிக்கை வருமே, அது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை இன்னொரு பாதை. மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், ஏ.எஃப்.ஐ. என்று போவது மூன்றாவது. இந்திய அணிக்குக் கொண்டுபோவது இந்த மூன்றாவதுதான்.

ஒன்றில் ஜெயித்தால் இன்னொன்றில் தானாகப் பேர் ஏறாது. குறுவட்டத்தில் முதலில் வந்த பிள்ளையைச் சங்கத்தின் செலக்‌ஷனுக்கு அழைத்துவராமல், ‘எங்களை யாரும் கூப்பிடவில்லையே’ என்று ஜனவரியில் வந்து கேட்பவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். கூப்பிட மாட்டார்கள், நாம்தான் போக வேண்டும். ஏ.எஃப்.ஐ. இணையதளத்தில் பிள்ளையைப் பதிந்து யு.ஐ.டி. எண் (அவர்கள் தருகிற பதிவு எண், ஆதார் இல்லை) வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாமல் தேசியப் போட்டிக்குப் பேர் கொடுக்க முடியாது.

பன்னிரண்டு வயசு. 100 மீட்டரில் விடலாமா, 400-ல் விடலாமா?

இரண்டிலும் வேண்டாம். இதில் ஏ.எஃப்.ஐ. செய்திருக்கிற ஒரு நல்ல காரியம் மாவட்டங்களுக்கிடையேயான தேசிய ஜூனியர் போட்டி. நிட்ஜாம் என்று சுருக்கிச் சொல்வார்கள். 14, 16 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிரிவு. மாநில அணி என்ற பேச்சே இல்லாமல் நாடு முழுவதிலுமிருந்து மாவட்ட அணிகள் நேரடியாக வந்து இறங்கும், ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். 2023-ல் பாட்னா, 2024-ல் அகமதாபாத். காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு ராத்திரி போய் வருகிற பயணமே பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு.

அந்தப் போட்டியில் சின்னப் பிரிவுக்குத் தனித்தனியாக 100, 200 என்று வைப்பதில்லை. ஓட்டம், தாண்டுதல், எறிதல் மாதிரி மூன்று நிகழ்வுகளைச் சேர்த்து மதிப்பெண் போடுகிற ட்ரையத்லான். பெரிய பிரிவிலும் 60 மீட்டர், 600 மீட்டர் மாதிரி தூரங்கள்தான். காரணம் எளிது. பன்னிரண்டு வயதில் மீசை முளைத்தவன் 100 மீட்டரில் ஜெயிப்பான். பதினேழில் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் மைதானத்துப் பக்கமே வர மாட்டான். மூன்றும் செய்த பிள்ளைக்கு எது கைகொடுக்கும் என்று பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளை எல்லாரும் நேராக 1500-ல் தள்ளிவிடுவார்கள், ‘மலைப் பிள்ளைக்கு மூச்சு இருக்கும்’ என்று. அவர்களில் ஒருத்தியின் கையில் எப்போதாவது ஒரு ஈட்டியைக் கொடுத்துப் பார்த்தோமா?

ஈட்டி என்றதும் ஒன்று: ஆகஸ்ட் 7 தேசிய ஈட்டி எறிதல் தினம். 2021-ல் அந்தத் தேதியில்தான் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். அந்த நாளையொட்டி மாவட்டங்களில் பிள்ளைகளுக்கு ஈட்டிப் போட்டி வைப்பார்கள். வந்து பாருங்கள்.

வயசுச் சான்றிதழில் இவ்வளவு கெடுபிடி ஏன்?

நம் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கே ஜூன் மாதம்தான் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தவர்களுக்கு ஹெட்மாஸ்டர் எழுதிய தேதி அது. இப்போதைய பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இருக்கிறது, ஆனாலும் திருத்துகிற ஆசை போகவில்லை. பதினாறு வயதுப் பையனைப் பதினாலில் ஓடவிட்டால் பதக்கம் வரும். உண்மையான பதினாலு வயதுப் பிள்ளை நாலாவதாக வந்து வீட்டுக்குப் போவான்.

சந்தேகம் வந்தால் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையும் துல்லியம் என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரம் முற்றும். ஆனால் அதைவிட நல்ல வழி யார் கையிலும் இப்போதைக்கு இல்லை.

‘நேஷனல் செலக்டட்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எட்டாயிரம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள்.

பேரில் ‘இந்தியா’, ‘யூத்’, ‘ஃபெடரேஷன்’ என்று மூன்று வார்த்தையைக் கோர்த்து யார் வேண்டுமானாலும் சங்கம் பதியலாம். கோவாவிலோ நேபாளத்திலோ ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு நிகழ்வுக்கு நாலு பேரை ஓடவிட்டு, மூன்று பேருக்குப் பதக்கம் மாட்டிவிடுவார்கள். நாலாவது ஆளுக்கு ‘பங்கேற்பு’. ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ், மாலை, மேளம். அப்புறம் கல்லூரியில் விளையாட்டு இட ஒதுக்கீட்டுக்கோ, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீதத்துக்கோ அந்தச் சான்றிதழை நீட்டினால் தள்ளிவிடுவார்கள். அங்கே செல்லுபடியாவது அங்கீகரிக்கப்பட்ட சம்மேளனத்தின் காகிதம்.

சோதித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: ‘இது ஏ.எஃப்.ஐ. நாள்காட்டியில் இருக்கிறதா?’ வருடாந்திர அட்டவணையை அவர்கள் இணையதளத்திலேயே போடுகிறார்கள். ‘எங்களுடையது தனி ஃபெடரேஷன் சார்’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். நானும் ஒருமுறை ஏமாந்து, என் பையன்கள் மூன்று பேரை இப்படி ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பணத்தை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செலவை யார் பார்க்கிறார்கள்?

இந்திய அணிக்கு என்றால் அரசாங்கம். ஒவ்வொரு வருடமும் சம்மேளனம் பயிற்சி, போட்டித் திட்டத்தை அமைச்சகத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்கும். முகாம், வெளிநாட்டுக் கோச், விமான டிக்கெட் எல்லாம் அந்தக் கணக்கில். விளம்பரதாரர்களும் உண்டு. மாவட்ட மட்டத்தில் நுழைவுக்கட்டணமும், யாராவது பழைய வீரர் தருகிற நன்கொடையும், மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம் அனுப்பிவைக்கிற கடைக்காரரும்தான். ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஓட்ட ஷூ, பயணம், முட்டை, பால் எல்லாம் உங்கள் தலையில்.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறோம். நம் பிள்ளைக்கு ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் வேண்டுமென்றால் ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சிந்தடிக் டிராக்கில் பழகினால்தான் முடியுமா?

காட்பாடி விளையாட்டு வளாகத்தில் சிந்தடிக் டிராக் வந்தது பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனால் வாரம் முழுக்க அதிலேயே ஓடினால் கெண்டைக்கால் எலும்பு வலி வரும். நேதாஜி ஸ்டேடியம், கோட்டை மைதானம், பாலாற்று மணல் எல்லாம் எதற்கு இருக்கின்றன? மணலில் முழங்கால் தூக்கி ஓடிப் பழகியவர்கள் தொடை பலத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அதற்கு மேல் ஒரு ரவுண்டு கூட வேண்டாம்.

ஜிம்மில் பவுடர் தருகிறார்கள். குடிக்கலாமா?

டப்பாவில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாதபோது குடிப்பது எப்படி? ஊக்கமருந்து விதியில் ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் செல்லாது. உடம்பில் இருந்தால் அது வீரரின் பொறுப்பு. ஸ்டீராய்டு வகைக்குப் பொதுவாக நாலு வருடத் தடை. பதினெட்டு வயதில் நாலு வருடம் என்றால் ஓட்டமே முடிந்த மாதிரி. ஆசியத் தங்கமே இப்படிப் பறிபோன கதை நம் மாநிலத்திலேயே உண்டு.

சோதனை செய்வது சம்மேளனம் இல்லை, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. சொல்லாமல் வருவார்கள். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்கு அவர்கள் வந்த செய்தி பரவியதும், ஆண்கள் 100 மீட்டர் ஃபைனலுக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மற்றவர்களுக்கு அன்றைக்குத் திடீரென்று கால் பிடித்துக்கொண்டதாம்! இதைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

சளி, இருமல் மருந்திலும் ஆஸ்துமா மருந்திலும் கூடத் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கக்கூடும். டாக்டர் சீட்டு எழுதத் தொடங்குமுன்பே ‘இவள் போட்டியில் ஓடுகிறாள்’ என்று சொல்லிவிடுங்கள். அவசியமான மருந்து என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வழி இருக்கிறது. பதினோரு மணி வெயிலுக்கு மோரும் உப்பும் போதும், பவுடர் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஏதோ மரபணுச் சோதனையாமே?

மாவட்டத்திலோ மாநிலத்திலோ இல்லை. உலகத் தரவரிசைக்குக் கணக்காகும் போட்டிகளில் பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்று பார்க்க 2025 செப்டம்பர் 1 முதல் உலக அமைப்பு கொண்டுவந்த விதி அது. வாழ்நாளில் ஒருமுறை எடுப்பது. பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி வாங்கிய புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கத்தைப் பறித்தார்கள். விதி என்று ஒன்று இருக்கலாம். அதை அந்தப் பெண்ணிடம் சொன்ன விதமும், ஊர் முழுக்கப் பேசவிட்ட விதமும் இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

இந்திய அணியில் எடுக்க சிபாரிசு வேண்டுமா?

ஓட்டத்தில் சிபாரிசுக்கு இடம் குறைவு, ஏனென்றால் எண் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பெரிய போட்டிகளுக்கு ஏ.எஃப்.ஐ. தகுதி அளவு அறிவிக்கும். தேசிய மாநிலங்களுக்கிடையேயான போட்டி மாதிரியானவற்றில் அதை எட்ட வேண்டும். ஒலிம்பிக்கில் ஒரு நிகழ்வுக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர். தகுதி நேரமோ உலகத் தரவரிசையோ, ஏதாவது ஒரு வழியில் நுழையலாம். தகராறே வராது என்று சொல்லவில்லை, தொடர் ஓட்ட அணி எடுக்கும்போது வரும். முன்பு அதற்கு உயர் நீதிமன்றம்தான் கதி. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் இதற்கென்றே ஒரு தீர்ப்பாயத்தை வைத்திருக்கிறது.

அந்த மாநிலங்களுக்கிடையேயான போட்டி 2022-லும் 2025-லும் சென்னையில் நடந்தது. காட்பாடியிலிருந்து இரண்டு மணி நேர ரயில். அடுத்த முறை வந்தால் பிள்ளையைக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். வார்ம்-அப் மைதானத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பத்து விநாடி ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் எப்படித் தயாராகிறார்கள் என்று அங்கேதான் தெரியும்.

போட்டி நாளன்று என்ன எடுத்து வரணும்?

பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினலும் ஜெராக்ஸும், ஆதார், யு.ஐ.டி. எண், போட்டோ இரண்டு. தண்ணீர், தொப்பி, மாற்றுச் சாக்ஸ். காலையில் இட்லி போதும், பூரி வேண்டாம். அப்புறம் நாலு சேஃப்டி பின், செஸ்ட் நம்பர் குத்த. எல்லாரும் மறப்பது இதைத்தான். என் சட்டைப்பையில் ஒரு அட்டை பின் இருக்கும், ஆனால் ஒன்பதரைக்குள் தீர்ந்துவிடும்.